அளக்காமல் எழுதிய காய்ச்சல்

புதிதாக நர்சிங் படிக்க வந்திருக்கும் பெண்களே! இப்போது பையன்களும் வருகிறீர்கள், உங்களையும் சேர்த்துத்தான் பேசுகிறேன். விடுதிக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று உங்கள் கையில் ஒரு பட்டியல் கொடுத்திருப்பார்கள். எங்களுக்கும் கொடுத்தார்கள். வெள்ளைப் புடவைகள், கறுப்பு ஷூ, வாளி, பூட்டு, நொடி முள் உள்ள கைக்கடிகாரம். அதில் இருந்த எல்லாவற்றையும் நான் கொண்டுபோனேன். முதல் வருடம் முடிவதற்குள் கல்லூரியை விட்டே போகும் நிலைமைக்கும் வந்தேன். பட்டியலில் இல்லாத ஒன்றால்தான் அது நடந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். பெரிய ஆபரேஷன் கதை எதிர்பார்க்காதீர்கள். ஒரு தெர்மாமீட்டர், ஒரு மீன்காரம்மா, ஒரு கல்யாணம், அவ்வளவுதான்.

எழுபதுகளின் தொடக்கம். என் அப்பா தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். நான் நர்சிங்கில் பட்டப்படிப்பு படிக்கப்போகிறேன் என்றதும் அவர் மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "படிக்கதுன்னா படி. கேக்கவங்ககிட்ட காலேஜ்ல படிக்கான்னு சொல்லுவேன். என்ன காலேஜ்னு கேட்டா பட்டு விலையைப் பத்திப் பேச ஆரம்பிச்சிருவேன்." நான்கு வருடமும் சொன்னபடியே செய்தார். அந்த நான்கு வருடத்தில் பட்டு விலை தெரியாத ஆளே எங்கள் தெருவில் கிடையாது.

எங்கள் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரே வளாகத்தில் இருந்தன. பெயர் வேண்டாம். நடுவில் ஒரு நீண்ட சிமெண்டுப் பாதை. அந்தப் பக்கம் வகுப்பறை, இந்தப் பக்கம் வார்டு. காலை ஆறரைக்கு வார்டு, ஒன்பது மணிக்கு வகுப்பு. பாடமெல்லாம் ஆங்கிலத்தில். பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்த நான், முதல் இரண்டு மாதம் பேராசிரியரின் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். எல்லாம் புரிகிறது என்று அவரும் நினைத்துக்கொண்டார். நீங்கள் யாரும் அப்படித் தலையாட்டாதீர்கள். புரியவில்லை என்று சொல்வதில் ஐந்து நிமிட வெட்கம் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் அந்த வெட்கம் பரீட்சை வரைக்கும் கூடவே வரும்.

என்னை அதிலிருந்து மீட்டவள் என் அறைத் தோழி வைதேகி. மயிலாப்பூர்க்காரி. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கல்லூரி இருந்தும், எல்லாரும் விடுதியில் தங்கியே ஆக வேண்டும் என்ற விதியால் எங்களோடு தங்கினாள். அப்பா கணக்கு வாத்தியார், அக்கா பாட்டு டீச்சர். இவள் எதற்கு நர்சிங்குக்கு வந்தாள் என்று கேட்டதற்கு, "ஆத்துல எல்லாரும் பேசிண்டே இருப்பா. எனக்கு ஏதாவது பண்ணணும்னு இருந்தது" என்றாள். ஆங்கிலம் நன்றாக வரும். ஆனால் வார்டில் மீன் வாசனையோடு யாராவது வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு ஓடுவாள். எனக்கு மூக்குப் பிரச்சினை இல்லை, இங்கிலீஷ் பிரச்சினை. அதனால் ஒருவருக்கொருவர் தேவைப்பட்டோம். உங்களைப் போலவே இருக்கும் ஒருத்தியைத் தோழியாகத் தேடாதீர்கள். உங்களுக்கு வராதது எவளுக்கு வருமோ அவளைத் தேடுங்கள்.

வார்டை நிர்வகித்த சிஸ்டருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். டிகிரி படிக்க வந்த எங்களை அவர் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்த்தார். "புஸ்தகத்துக்கு ஊசி போடத் தெரியுமா?" என்று கேட்பார். அவர் எங்களுக்குச் சொன்ன முதல் விதி, நர்ஸ் வார்டில் ஓடக்கூடாது என்பது. ஒருத்தி ஓடினால் முப்பது நோயாளிக்கும் பயம் வரும். தீப்பிடித்தால் ஓடலாம், ரத்தப்போக்கு என்றால் ஓடலாம். வேறு எதற்கும் கிடையாது.

வருடக் கடைசியில், கத்திரி வெயில் காலத்தில், எனக்குக் கொடுத்திருந்த படுக்கைகளில் ஒன்றில் கன்னியம்மா இருந்தாள். நொச்சிக்குப்பத்துக்காரி, நாற்பது நாற்பத்திரண்டு வயது, ரோட்டோரம் மீன் விற்பவள். டைபாய்டு காய்ச்சலோடு வந்தாள். மருந்தில் காய்ச்சல் இறங்கி, கொஞ்சம் எழுந்து உட்கார ஆரம்பித்ததும் வார்டு முழுவதும் அவள் ராஜ்யமாகிவிட்டது. யார் வீட்டில் என்ன பிரச்சினை, எந்த டாக்டருக்குக் கோபம் வரும், கஞ்சியில் உப்பு ஏன் குறைந்தது, எல்லாம் அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு ஒரே மகள். புருஷன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. மீன் கூடையைத் தலையில் சுமந்தே மகளை வளர்த்திருந்தாள். அந்த மகளுக்கு வடபழனி கோயிலில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் அவள் கேட்பது ஒன்றுதான்.

"எப்ப உடுவீங்க டாக்டரு? கல்யாணத்துக்கு இன்னும் நாலு நாளு தான் கீது."

டாக்டர் முதலில் முடியவே முடியாது என்றார். இரண்டு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்ததும் கொஞ்சம் இளகினார். "கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையிலும் காய்ச்சல் இல்லேன்னா அனுப்பறேன். ஆனா விருந்துச் சாப்பாட்டுல கை வெக்கக் கூடாது. கஞ்சிதான்" என்றார்.

"கஞ்சி இன்னா, பச்சத்தண்ணி குடிச்சிக்கினு நிக்கிறேன்" என்று கன்னியம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்த முந்தின நாள் காலையில்தான் எனக்கு உடற்கூறு வாய்மொழித் தேர்வு. அதில் தேறினால்தான் பல்கலைக்கழகப் பரீட்சைக்கு உட்கார விடுவார்கள். எலும்புகளின் பெயரெல்லாம் தலைக்குள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. வார்டில் ஒவ்வொருவருக்காகத் தெர்மாமீட்டர் வைத்து, நிமிடம் எண்ணி, எடுத்துப் பார்த்து, எழுதி, கழுவி, அடுத்த ஆளுக்குப் போக வேண்டும். கன்னியம்மா என் வரிசையில் கடைசி. அவளிடம் நான் வரும்போது மணி எட்டே முக்கால்.

அவள் தலை சீவி, பொட்டு வைத்து, கழுத்து வரை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா கண்ணு, மூஞ்சி ஒரு மாதிரியா கீது? பரிச்சையா இன்னிக்கி?"

"ஆமாக்கா. நேரமாயிட்டு."

"அப்ப ஓடு, ஓடு. எனக்கு ஒண்ணும் இல்ல. நேத்து மாதிரியே தான் கீது. அதயே எழுதிக்கினு கெளம்பு."

நான் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்றிருந்தது. நெற்றி ஜில்லென்று இருக்கிறதே, பிறகென்ன என்று அவள் காய்ச்சல் அட்டையை எடுத்து, நேற்றைய புள்ளிக்குப் பக்கத்திலேயே அதே உயரத்தில் இன்றைய புள்ளியையும் வைத்து 98.4 என்று எழுதினேன். தெர்மாமீட்டர் என் கையிலேயே இருந்தது. அது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கையிலேயே இருந்தது.

தேர்வு நடக்கும் அறைக்கு வெளியே வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். எனக்கு முன்னால் இரண்டு பேர். பக்கத்தில் வைதேகி நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதே வார்டில் எதிர் வரிசை.

"உன் மீன்காரம்மா விசித்திரமா இருக்கா கோமதி," என்றாள் நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே. "காலம்பற எங்கிட்ட கம்பளி கேட்டா. ஒண்ணு குடுத்தேன், போறாதுன்னு இன்னொண்ணு கேட்டா. அப்புறம் பாத்தா ஈரத் துண்டால மூஞ்சியத் துடைச்சிண்டே இருக்கா. இந்த வெயில்ல யாராவது கம்பளி கேப்பாளோ?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஜில்லிப்பு காய்ச்சல் இல்லாததால் வந்ததில்லை, ஈரத் துண்டால் வந்தது. கழுத்து வரை போர்த்தியிருந்தது குளிரில் நடுங்குவதை மறைக்க. மருந்தில் அடங்கிய டைபாய்டு மறுபடி தலை தூக்கலாம் என்று போன மாதம்தான் பாடம் நடத்தியிருந்தார்கள். குடலில் புண் இருக்கும், அந்த நேரத்தில் அலைந்தாலோ கண்டதைச் சாப்பிட்டாலோ உள்ளுக்குள் ரத்தம் கசியும், ஆளே போகலாம். தலையாட்டிக்கொண்டே கேட்ட பாடங்களில் அது ஒன்று மட்டும் எனக்குப் புரிந்திருந்தது.

"அடுத்தது நீ," என்றாள் முன்னால் இருந்தவள்.

நான் எழுந்தேன். உள்ளே போகவில்லை. சிமெண்டுப் பாதையில் ஓடினேன். வைதேகி பின்னாலிருந்து, "கோமதி, எங்கே போறே? உன்னைக் கூப்பிடறா!" என்று கத்தியது கேட்டது.

இந்த இடத்தில் உங்களிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நான் ஓடியது யாரிடமும் ஒப்புக்கொள்வதற்காக இல்லை. டாக்டர் வருவதற்குள் சத்தமில்லாமல் காய்ச்சலைப் பார்த்து, அட்டையில் எண்ணைத் திருத்திவிட்டு, யாருக்கும் தெரியாமல் திரும்பிவிடலாம் என்றுதான் ஓடினேன்.

கன்னியம்மாவின் பக்கத்தில் மூட்டை கட்டித் தயாராக இருந்தது. தெர்மாமீட்டரோடு என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"அக்கா, ஒருவாட்டி வச்சுக்காட்டுங்க."

"காலைலயே எழுதிட்டியே. திரும்ப இன்னாத்துக்கு?"

"நான் வைக்காமலே எழுதிட்டேன். உங்களுக்கே தெரியும்லா."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை கொதித்தது. தெர்மாமீட்டரே வேண்டாம்.

"கண்ணு, உன் கால்ல உய்ந்து கேக்கறேன். அதுக்கு அப்பன் இல்ல, நான் ஒருத்தி தான். நான் இல்லாம அது கய்த்துல தாலி ஏறலாமா? ஒரே ஒரு நாளு. போய்ட்டு நானே திரும்பி வந்து படுத்துக்கறேன். நீ எய்தினது ஒனக்கும் எனக்கும் தான் தெரியும். ஒனக்கும் பேஜாரு இல்ல, எனக்கும் பேஜாரு இல்ல."

அவள் சொன்னதில் தப்பே கிடையாது. நான் வாயை மூடிக்கொண்டால் என் பெயர் கெடாது. உடனே திரும்பி ஓடினால் பரீட்சையையும் பிடித்துவிடலாம். அவள் மகள் கல்யாணத்தை அவள் கண்ணால் பார்ப்பாள். இரண்டு பேருக்கும் சந்தோஷம். உங்கள் வேலையில் இப்படி ஒரு நிமிடம் வரும். நீங்கள் தப்பிப்பதும் நோயாளி ஆசைப்படுவதும் ஒன்றாக இருக்கும் நிமிடம். அப்போது உங்கள் இரக்கத்தையே நீங்கள் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். என் கண்ணில் தண்ணீர் வந்தது நிஜம். அது அவளுக்காக வந்ததா, எனக்காக வந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வார்டின் அந்தக் கோடியில் டாக்டரின் குரல் கேட்டது. ரவுண்ட்ஸ் தொடங்கிவிட்டது. அவருக்கு முன்னால் சிஸ்டர் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"உனக்கு இப்ப பரீட்சைதானே? ஜன்னல்ல பாத்தேன், பாதையில ஓடி வந்தே. தீயா? ரத்தமா?"

நான் எழுந்து நின்றேன்.

"ரெண்டும் இல்ல சிஸ்டர். பொய்."

சிஸ்டர் ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

"இவங்களுக்குக் காலையில நான் காய்ச்சல் பாக்கலை. பாக்காமலே எழுதிட்டேன். இப்ப கை சுடுது."

சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. என் கையிலிருந்த தெர்மாமீட்டரை வாங்கி உதறினார். கன்னியம்மாவைப் பார்த்து, "வாயத் திற" என்றார், அவ்வளவுதான். அந்தக் குரலுக்கு வாயைத் திறக்காத ஆளை நான் பார்த்ததில்லை. இரண்டு நிமிடம். எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். 101.6.

நான் ரப்பரைத் தேடினேன். சிஸ்டர் என் கையைத் தட்டிவிட்டார்.

"அழிக்காதே. அது மேல ஒரே ஒரு கோடு போடு. கீழ இருக்கறது படிக்கிற மாதிரி இருக்கணும். பக்கத்துல சரியானதை எழுதி உன் பேரைப் போடு. இனிமே யார் பாத்தாலும் நீ என்ன செஞ்சேன்னும் தெரியணும், எப்ப திருத்தினேன்னும் தெரியணும்."

கோடு போட்டேன். பெயர் எழுதினேன். வாழ்க்கையில் அத்தனை நிதானமாக நான் என் பெயரை எழுதியது கிடையாது. டாக்டர் வந்தார், அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கன்னியம்மாவின் வயிற்றை மெதுவாக அழுத்திப் பார்த்துவிட்டு, "எங்கேயும் போக முடியாது. படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

கன்னியம்மா அழவில்லை. மூட்டையைக் காலால் கீழே தள்ளிவிட்டாள். "நல்லா இருப்பே நீ," என்றாள் என்னைப் பார்த்து. அதை எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "எம் மூஞ்சில முயிக்காத. போ."

நான் திரும்பிப் போவதற்குள் தேர்வு முடிந்திருந்தது. வராதவர்கள் பட்டியலில் என் பெயர் இருந்தது. மாலையில் முதல்வர் அறையில் நின்றேன். பெட்டியைக் கட்டிக்கொண்டு போகச் சொல்வார்கள் என்றே நினைத்தேன். அப்பா என்ன செய்வார், யாரிடம் எந்தப் பட்டு விலையைச் சொல்வார் என்றெல்லாம் யோசித்துக்கொண்டு நின்றேன். எனக்கு முன்பே சிஸ்டர் உள்ளே போய் ஏதோ பேசியிருந்தார். என்ன பேசினார் என்று அவரும் சொல்லவில்லை, முதல்வரும் சொல்லவில்லை. ஒரு மாதத்துக்குள் மறுபடி தேர்வுக்கு வரலாம். ஆனால் அந்த ஒரு மாதமும் நான் பார்க்கும் ஒவ்வொரு காய்ச்சலையும் இன்னொருவர் மறுபடி பார்த்த பிறகே அட்டையில் ஏற்ற வேண்டும். அதுதான் தண்டனை. அந்த இன்னொருவர் சிஸ்டரேதான். முப்பது நாள் என் பின்னாலேயே நடந்து வந்தார். முப்பத்தோராம் நாள் வரவில்லை. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மேஜையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

மாதம் முடிவதற்கு முன்பே நான் அந்தத் தேர்வுக்குப் போய்த் தேறினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பரீட்சை போனால் வாழ்க்கை போகாது. இதை உங்களில் பலருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. நான் அட்டையைத் திருத்திய நாளுக்கு மறுநாள் காலைதான் கல்யாணம். முதல்வரைப் பார்த்துவிட்டு வந்து அறையில் நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். வைதேகி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அவளைக் கல்யாணத்துக்கு அனுப்ப முடியாது. சரி. கல்யாணத்தை இங்கே வரச் சொல்றதுக்கென்ன?"

"சிஸ்டர் விடுவாங்களா?"

"கேட்டாத்தானே தெரியும். நீதான் இன்னைக்கு நெறைய பேசிட்டே, இதை நான் கேக்கறேன்."

சிஸ்டர் இரண்டே நிபந்தனை போட்டார். பார்வையாளர் நேரத்தில்தான் வர வேண்டும். உள்ளே மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும். கன்னியம்மாவைப் பார்க்க வந்திருந்த அவள் தம்பியிடம் சேதி சொல்லி அனுப்பினோம்.

மறுநாள் மாலை நாலு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. அதில் மொத்தக் குப்பமும் இருந்தது. வாட்ச்மேன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். "ரெண்டு பேரு தான், ரெண்டு பேரு தான்" என்று அவர் கத்தக் கத்த, நாதஸ்வரக்காரர் லாரியிலிருந்தபடியே வாசிக்க ஆரம்பித்துவிட்டார். சிஸ்டர் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். "உள்ளே வரவங்கதான் ரெண்டு பேர்னு சொன்னேன். சத்தத்தைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை" என்று சொல்லிவிட்டு ஜன்னலை நன்றாகத் திறந்துவைத்தார்.

மாலையும் கழுத்துமாக இருவரும் வந்து கட்டில் காலடியில் விழுந்தார்கள். கன்னியம்மா எழுந்திருக்கக் கூடாது. படுத்தபடியே இரண்டு கையையும் நீட்டி மகள் முகத்தைத் தடவினாள். அட்சதை தூவ அரிசி எடுத்ததைச் சிஸ்டர் தடுத்துவிட்டார், எறும்பு வரும் என்று. உடனே பக்கத்துப் படுக்கை அம்மா தன் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை உதிர்த்துக் கொடுத்தாள். வரிசையாக எல்லாப் படுக்கையிலிருந்தும் பூ பறந்தது. காலில் கட்டுப் போட்டிருந்த ஒரு பாட்டி குறி தவறி, எட்டிப் பார்க்க வந்திருந்த டாக்டர் மேல் எறிந்துவிட்டாள். அவரும் தட்டிவிடாமல் நின்றார்.

கன்னியம்மா எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். என்னைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலை நான் பக்கத்துப் படுக்கையில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது அவள் முகம் சட்டென்று வெளுத்தது. நாடியைத் தொட்டேன். நூலாக ஓடியது. விரிப்பில் ரத்தம். அன்று நான் ஓடினேன், யாரும் என்னை ஏன் ஓடினாய் என்று கேட்கவில்லை. டாக்டர் வந்தார், ரத்தம் ஏற்றினார்கள். அடுத்த நாள் கண் விழித்துக் கஞ்சியில் உப்பு இல்லை என்றாள். அப்போதுதான் எங்களுக்கு உயிர் வந்தது. வீட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. என்னிடமும் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

அவள் வீட்டுக்குப் போன நேரத்தில் நான் வகுப்பில் இருந்தேன். சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டாள். கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நோயாளிகள் நமக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது, அதையும் பழகிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வருடம், மழை விட்டதும், காலரா தடுப்பூசி போட எங்களைக் குப்பங்களுக்கு அனுப்பினார்கள். எனக்கும் வைதேகிக்கும் நொச்சிக்குப்பம். மணலில் ஒரு மேஜை போட்டு, ஸ்டவ்வில் ஊசிகளைக் கொதிக்கவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பெண்கள் சுற்றிலும் நின்றார்கள், ஒருத்தியும் கையை நீட்டவில்லை.

"ஊசி போட்டா ஜொரம் வருமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

வராது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. "வரும்," என்றேன். "ஒருநாள் காய்ச்சல் இருக்கும். கையும் வீங்கி வலிக்கும்."

"பாத்தியா! அப்ப மீன் கூடைய யாரு தூக்கறது? வா வா, போலாம்."

கூட்டம் கலைய ஆரம்பித்தது. வைதேகி என்னை முறைத்தாள். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "நில்லுங்கடி!"

கன்னியம்மா. மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முன்னைவிடக் கொஞ்சம் பருத்திருந்தாள். என் முன்னால் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இது யாருன்னு தெரியுமாடி? எம் பொண்ணு கண்ணாலத்துக்கு என்னிய போவ உடாம அட்ச்சவ. எனக்கு ஜொரமே பாக்காம எய்திட்டு ஓடிச்சி. அப்பால பரிச்சைய உட்டுட்டுத் திரும்பி ஓடியாந்து, நான் பொய் எய்திட்டேன்னு அத்தினி பேரு முன்னாடி சொல்லிச்சி. நானே சொல்லாதன்னு காலப் புடிச்சேன், கேக்கல." மூச்சு வாங்கிக்கொண்டு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "ஜொரம் வரும்னு சொல்லுதா? அப்ப வரும். ஒரு நாளுன்னு சொல்லுதா? அப்ப ஒரு நாளு தான். ரெண்டாவது நாளு இருக்காது. இந்தா கண்ணு, மொதல்ல எனக்குப் போடு."

சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டினாள். நான் அவசரமாக ஊசியை எடுத்தேன். "மெதுவா," என்றாள் காதோரம். "ஊரே பாக்குது." அவளுக்குப் பின்னால் மகள் வந்து நின்றாள், வயிற்றில் ஆறு மாதம். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். மதியத்துக்குள் மருந்து தீர்ந்து, மறுபடி ஆள் அனுப்பி வாங்கிவரச் செய்தோம்.

கிளம்பும்போது வாழையிலையில் சுற்றி ஒரு பெரிய வஞ்சிரத்தை என் கையில் திணித்தாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கிற ஆளா அவள்?

பஸ்ஸில் ஏறினோம். நான் ஜன்னலோரம், பக்கத்தில் வைதேகி. ஊசிப் பெட்டியும் அட்டைகளும் என் மடியில். மீனை வைக்க இடமில்லாமல் வைதேகியின் மடியில் வைத்திருந்தேன். மூக்கைப் பொத்திக்கொள்ளவும் அவளுக்குக் கை இல்லை. காலையிலிருந்து வெயிலில் இருந்தேன், ஊர் முன்னால் ஒருத்தி என்னை உண்மை பேசுகிறவள் என்று சொல்லிவிட்டாள், நான் கொஞ்சம் மிதந்துகொண்டிருந்தேன்.

நாலு ஸ்டாப்பிங் தாண்டியதும் கண்டக்டர் மூக்கை உறிஞ்சினார். "யாருமா மீனு கொண்ணாந்தது? பஸ்ல பச்ச மீனு ஏத்தக் கூடாதுன்னு தெரியாது?"

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மிகவும் கவனமாகப் பார்த்தேன்.

"நாங்கதான்," என்று வைதேகி எழுந்து நின்றாள். மயிலாப்பூர் மாமிகள் இரண்டு பேர் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி அவள் அம்மாவுக்குத் தெரிந்தவள். "எங்களோடதுதான். இங்கேயே எறங்கிக்கறோம்."

இறங்கி நடந்தோம். மீனை இரண்டு கையிலும் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வந்தாள்.

"ஏன் நீ வாயைத் திறக்கலே?" என்றாள் கொஞ்ச தூரம் போனதும்.

"வெளிய பாத்துக்கிட்டிருந்தேன். அவரு கேட்டது காதுல விழலை."

வைதேகி நின்று என்னைப் பார்த்தாள். "கோமதி."

"சரி. விழுந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும் வந்துவிட்டது. நடுரோட்டில் நின்று மீனையும் பெட்டியையும் வைத்துக்கொண்டு சிரித்தோம். பிறகு அதை விடுதியில் யார் சமைப்பது என்று பேசிக்கொண்டே நடந்தோம்.